அளவும் எடையும்: உடல் குறைத்தல் என்னும் கருத்தின் இந்திய வரலாறு

முன்னுரை

உணவைச் சீர்செய்தும் நாள்தோறும் உடற்பயிற்சி மேற்கொண்டும் உடல் எடையைக் குறைத்தல் என்பது இன்று இந்திய நகரங்களிலும் சிற்றூர்களிலும் ஒருங்கே பேசப்படும் பொருளாகிவிட்டது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் 24 விழுக்காட்டினரும் ஆண்களுள் 22.9 விழுக்காட்டினரும் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள் என்று காட்டுகிறது. தமிழ்நாட்டில் இவ்விழுக்காடு பெண்களிடையே 40.4 ஆகவும் ஆண்களிடையே 37 ஆகவும் உள்ளது. பத்துப் பெண்களுள் நால்வரைத் தொடும் ஒரு செய்தி மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. சமூக வரலாறு பயில்வோர்க்கும் உரியதாகும்.

இச்சூழலில் பழைய நூல்களை மேற்கோளாகக் காட்டி, எடை குறைக்கும் வழியை முன்னோர் அன்றே கூறிவிட்டனர் என்று உரைக்கும் போக்கு மேடையிலும் அச்சிலும் பெருகியுள்ளது. குறிப்பாகத் திருக்குறளின் மருந்து அதிகாரம் இதற்கெனப் பலகாலும் எடுத்தாளப்படுகிறது. அந்நூல்கள் உண்மையில் கூறுவது எது, இன்றைய வாசிப்பு அவற்றின்மீது ஏற்றுவது எது என்று பிரித்தறிதல் தேவையாகிறது. ‘அளவு’ என்னும் பழைய கருத்தும் ‘எடை’ என்னும் புதிய கருத்தும் வேறு வேறு வழிகளில் வந்தவை என்பதையும், அவை எவ்விடத்தில் சந்திக்கின்றன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மெலிதல் என்னும் சொல்

தமிழில் உடல் குறைதலைச் சுட்டும் சொற்கள் பல. மெலிதல், இளைத்தல், வாடுதல், தேய்தல், நலிதல் என்பன அவற்றுள் சில. இவற்றுள் ஒன்றேனும் விரும்பி அடையும் நிலையைக் குறிப்பதாக இல்லை என்பது நோக்கத்தக்கது. தொல்காப்பியக் களவியல் காதல் வேட்கையின் படிநிலைகளை அடுக்கும்போது மெலிதலையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. பிரிவாற்றாத தலைவியின் வளை கழலுதலும் தோள் நெகிழ்தலும் அகப்பாடல்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. திருக்குறளின் 124ஆம் அதிகாரமாகிய உறுப்புநலன் அழிதல் முழுவதும் இப்பொருளே பேசப்படுகிறது. ஆகவே உடல் மெலிதல் என்பது தமிழ்க் கவிதை மரபில் துயரின் அடையாளம். பணைத்த தோள், அதாவது மூங்கில்போல் திரண்ட தோள், அழகின் அடையாளம்.

பேச்சு வழக்கும் இதற்கு மாறானதன்று. நெடுநாள் கழித்து வீடு திரும்பிய பிள்ளையைப் பார்த்துத் தாய் ‘இளைத்துவிட்டாயே’ என்பது பாராட்டன்று, கவலை. ‘உடம்பு பூசினாற்போல் இருக்கிறது’ என்பது நலம் கூறும் சொல். பஞ்சமும் பசியும் தொடர்ந்து வந்த ஒரு சமூகத்தில் உடலின் நிறைவே நல்வாழ்வின் சான்றாகக் கொள்ளப்பட்டது இயல்பே. உணவு அளித்தலை உயிர் அளித்தலுக்கு நிகராக வைத்த புறநானூற்றுச் சிந்தனையும் மணிமேகலைச் சிந்தனையும் இதே வாழ்நிலையிலிருந்து எழுந்தவை. ‘எடைக்குறைப்பு’ என்னும் தொடர் ஒரு சாதனையைக் குறிக்கும் சொல்லாக வழங்குவது மிக அண்மைக் காலத்து நிகழ்வாகும்.

திருக்குறள் கூறும் அளவு

மருந்து அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் 942 முதல் 947 வரையுள்ள ஆறும் உணவைப் பற்றியவை. முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பவனுக்கு மருந்து வேண்டியதில்லை என்பதும், செரித்தபின்னும் அளவோடு உண்ணுதலே நெடுங்காலம் வாழும் வழி என்பதும், நன்கு பசித்தபின் உடலுக்கு மாறுகொள்ளாத உணவைத் தேர்ந்து உண்ணவேண்டும் என்பதும் இவற்றின் சாரம். வயிற்றுத் தீயின் அளவை அறியாது மிகுதியாக உண்பவனிடம் நோய் அளவின்றி வளரும் என்று இப்பகுதி முடிகிறது.

இவ்வாறு குறள்களிலும் வரும் அளவு எதன் அளவு என்னும் வினா இங்கு இன்றியமையாதது. அது உடலின் பருமனுக்கு உரிய அளவன்று. உண்ணும் பொருளின் நிறைக்கு உரிய அளவும் அன்று. உண்பவனின் செரிக்கும் ஆற்றலே அங்கு அளவுகோல். அவ்வளவுகோல் ஆளுக்கு ஆள் வேறுபடும்; ஒருவனிடத்திலேயே காலத்திற்கேற்ப மாறும். அதனை அறிபவன் உண்பவனே அன்றிப் பிறர் அல்லர். மேலும் இவ்வதிகாரத்தில் பருத்த உடலைக் குறைத்தல் பற்றியோ உடற்பயிற்சி பற்றியோ ஒரு குறளும் இல்லை. எனவே இவ்வதிகாரத்தை எடைக்குறைப்பு நூலாகப் படிப்பது, இல்லாததை ஏற்றிக் கூறுவதாகும். அதேவேளையில், பசி அறிந்து உண்ணும் ஒழுக்கம் ஒன்றை அது வகுக்கிறது என்பதை மறுத்தற்கில்லை.

இவ்வொழுக்கத்தைச் சித்த மருத்துவ மரபு நடைமுறை விதிகளாக விரித்தது. தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி, பசித்தாலன்றி உண்ணாமை, நாளுக்கு இருவேளை உணவு, பகல் உறக்கம் தவிர்த்தல், உண்டபின் சிறிது நடத்தல் ஆகியவற்றை வலியுறுத்துகிறது. உணவும் அசைவும் ஒரே விதித்தொகுப்பில் இணைவதை இங்குக் காண்கிறோம். ஆயினும் இவ்விதிகளின் பயனாகச் சொல்லப்படுவது நோய் அணுகாமையே; உடல் சிறுத்தல் அன்று.

ஆயுர்வேத நூல்களில் பருமன்

உடற்பருமனைத் தனிப்பொருளாக எடுத்து ஆராய்ந்தவை ஆயுர்வேத நூல்கள். சரக சம்கிதையின் சூத்திரத்தானம் 21ஆம் இயல் இகழ்தற்குரிய எண்வகை உடல்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் மிகப் பருத்த உடலையும் மிக மெலிந்த உடலையும் விரிவாக ஆய்கிறது. பருத்தவர்க்கு ஆயுள் குறைவு, இயக்கத்தில் தளர்ச்சி, வலுவின்மை, மிகுந்த வியர்வை, அடங்காப் பசி, அடங்கா நீர்வேட்கை உள்ளிட்ட எட்டுக் குறைகளை அது கூறுகிறது. மிகுதியாக உண்ணுதல், இனிப்பும் நெய்ப்பும் மிக்க உணவு, உடற்பயிற்சி இன்மை, பகல் உறக்கம், கவலையின்மை, பிறப்பு வழி இயல்பு ஆகியன காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. பெருந்தீனியை மட்டும் குறைகூறாது பிறப்புவழிக் காரணத்தையும் சேர்த்தெண்ணியிருப்பது குறிப்பிடத்தக்கது.

தீர்வு கூறுமிடத்தும் இந்நூலின் நோக்கு நுட்பமானது. பருத்தவனின் பசி வலியது; வெறும் பட்டினி அதனைத் தணிக்காது. ஆகவே வயிற்றில் நெடுநேரம் தங்குவதாயினும் ஊட்டம் மிகாத உணவை அவனுக்கு அளிக்கவேண்டும் என்று சரகம் விதிக்கிறது. வாற்கோதுமை, கொள்ளு, பச்சைப்பயறு போன்றவை அவ்வகையில் பரிந்துரைக்கப்படுகின்றன. உடலுழைப்பும் சிந்தனையுழைப்பும் சிறிது சிறிதாகக் கூட்டப்பட வேண்டும் என்பது அடுத்த விதி. சுசுருத சம்கிதை ஒருபடி மேற்சென்று, பருமனைக் குறைப்பதில் உடற்பயிற்சிக்கு நிகரானது வேறில்லை என்று கூறுகிறது. அவ்வாறு கூறிய அந்நூலே, ஒருவர் தம் ஆற்றலில் பாதியளவே பயிற்சி செய்யவேண்டும் என்றும், மூச்சு வாய்வழி வரத் தொடங்குவதே அந்த எல்லைக்கு அடையாளம் என்றும் வரம்பிடுகிறது.

பருமனைக் குறைத்தல் என்னும் நோக்கம் இங்குத் தெளிவாக உள்ளது; ஆனால் எண் இல்லை. எவ்வளவு பருத்தால் பருமன் என்பதற்கு அசைந்து தளரும் தசை, குறைந்த ஊக்கம் ஆகிய புலப்படும் குறிகளே சான்று. எவ்வளவு பயிற்சி போதும் என்பதற்கு மூச்சே சான்று. குறளில் செரிக்கும் ஆற்றல் அளவுகோலானதுபோல் இங்கும் உடலே உடலுக்கு அளவுகோல்.

தராசு வந்த வழி

உடலை எடையிட்டு அறியும் வழக்கம் ஐரோப்பாவில் மிகையுணவின் சிக்கலோடு பிணைந்து வளர்ந்தது. இலண்டன் நகரத்து ஈமச்சடங்கு ஏற்பாட்டாளரான வில்லியம் பேண்டிங் 1863ஆம் ஆண்டில் பருமன் குறித்துப் பொதுமக்களுக்கு எழுதிய கடிதம் ஒரு சிறுநூலாக வெளிவந்தது. 202 பவுண்டு எடையுடையவராக இருந்த அவர், படகு வலித்துப் பார்த்தார். தசை வலுப்பெற்றதோடு பசியும் பெருகியது. பின்னர் மருத்துவர் வில்லியம் ஆர்வியின் அறிவுரைப்படி ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தவிர்த்து, ஏறத்தாழ ஓராண்டில் 46 பவுண்டு குறைந்தார். எடை எண்ணாலேயே தம் வெற்றியைச் சொல்லிய ஒருவரின் நூல் பரவலாகப் படிக்கப்பட்டது இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும்.

இந்தியாவில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. பேண்டிங்கின் நூல் வெளிவந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, தாது வருடப் பஞ்சம் என்று தமிழ்மக்கள் நினைவில் நிற்கும் 1876-78ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது, உணவை நிறுத்து அளக்கும் கணக்கு சென்னை மாகாணத்தின் நிவாரணப் பணியிடங்களில் உயிர்ப்பொருளாயிற்று. 1877ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள், பணிசெய்யும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் என்று கூலியைக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இவ்வளவு உயிர்வாழப் போதாது என்றும், ஒன்றரைப் பவுண்டு தானியத்தோடு காய்கறியும் புரதமும் தேவை என்றும் வாதிட்டார். இவ்வெதிர்ப்பின் விளைவாக அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் தானிய அளவு உயர்த்தப்பட்டுப் பருப்பும் சேர்க்கப்பட்டது.

இலண்டனில் ஒருவர் எவ்வளவு குறைத்து உண்ணலாம் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்த அதே தலைமுறையில், சென்னையில் ஒருவரை எவ்வளவு குறைத்து உண்பிக்கலாம் என்று அரசு கணக்கிட்டது. முன்னது தன்விருப்பம்; பின்னது பிறர் விதித்தது. உணவைக் குறைத்தல் என்பது இந்திய நினைவில் நெடுங்காலம் ஒறுத்தலாகவே நின்றமைக்கு இவ்வரலாறும் ஒரு காரணம் எனலாம்.

வளர்த்தலே நோக்கமாதல்

இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய இந்திய ஊட்டச்சத்து ஆய்வும் குறைபாட்டிலிருந்தே தொடங்கியது. 1918ஆம் ஆண்டில் நீலகிரிக் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார். வெவ்வேறு இந்தியப் பகுதிகளின் உணவுமுறைகளை எலிகளுக்கு ஊட்டி அவர் செய்த ஒப்பாய்வில், சீக்கியரின் கோதுமை, பால், பருப்பு, காய்கறி உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் சார்ந்த சென்னைப் பகுதி உணவை உண்டவை மிகவும் பின்தங்கின. அவருக்குப்பின் ஐக்ராய்டு தலைமையில் 1937ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய உணவுகளின் ஊட்டமதிப்பு அட்டவணை, போதிய உணவு எது என்று காட்டவே எழுந்தது. 1958இல் ஐதராபாத்துக்கு மாறி 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர்பெற்ற இவ்வாய்வகத்தின் தொடக்ககால உழைப்பு முழுவதும் பசிக்கும் சத்துக்குறைவுக்கும் எதிரானது.

உடற்பயிற்சி இயக்கமும் அவ்வாறே. 1920இல் சென்னையில் ஆரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பயிற்சி நிறுவனம், பெங்களூரில் கே.வி. ஐயர் நடத்திய உடற்பயிற்சிக்கூடம், சூரிய வணக்கத்தைப் பள்ளிகள்தோறும் பரப்பிய ஔந்து சமத்தான மன்னர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி ஆகியோரின் முயற்சிகள் தம்முள் வேறுபட்டவை. எனினும் மெலிந்த உடலை வலிய உடலாக்குதல் என்பதில் அவை பெரிதும் ஒன்றுபட்டன. அடிமைப்பட்ட நாட்டில் வலிய உடல் தன்மதிப்பின் சின்னமாக நின்றது.

குறைத்து உண்ணுதலைத் தன்விருப்ப நெறியாக முன்வைத்தவருள் காந்தியடிகள் முதன்மையானவர். 1915ஆம் ஆண்டு அரித்துவாரில் நாளொன்றுக்கு ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை என்று அவர் நோன்பு பூண்டார். 1942இல் பூனா ஆகாகான் மாளிகைச் சிறையில் உடல்நலத் திறவுகோல் என்னும் நூலை எழுதினார். சுவைக்காக அன்றி உடலைப் பேணவே உண்ணவேண்டும் என்பதும் நடைப்பயிற்சி சிறந்தது என்பதும் அவர் கொள்கை. ஆயினும் அவரது நோக்கம் புலனடக்கமே, எடைக்குறைப்பு அன்று. தொன்மரபின் உள்ளளவு அவரிடம் அறவடிவில் தொடர்ந்தது.

எண்ணின் பயனும் எல்லையும்

இன்று பருமனை வரையறுக்கும் உடல்நிறைக் குறியீட்டெண், கிலோகிராம் எடையை மீட்டர் உயரத்தின் இருமடிப்பெருக்கத்தால் வகுத்துப் பெறுவது. பெல்சியம் நாட்டுப் புள்ளியியலாளர் கெட்டெலே 1830களில் மக்கள்தொகையின் சராசரி உடலமைப்பை அறியக் கண்ட உறவு இது. 1972இல் ஆன்சல் கீசு என்பவரும் உடனாய்வாளரும் இதற்கு இன்றைய பெயரிட்டனர். தனியொருவரின் நோயை அறிய இது முதலில் வகுக்கப்பட்டதன்று.

இவ்வெண் இந்திய உடலை அளப்பதில் தடுமாறியது. 2004ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் பூனா மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் யுட்கினும் தம் நிழற்படத்தையே சான்றாக வெளியிட்டனர். இருவர்க்கும் குறியீட்டெண் 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. அதே ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசிய மக்களுக்கு 23 என்னும் எண்ணிலேயே எச்சரிக்கை தொடங்கவேண்டும் என்று கருத்துரைத்தது. 2009இல் இந்திய வல்லுநர்கள் 23ஐ மிகை எடைக்கும் 25ஐப் பருமனுக்கும் எல்லையாக வகுத்து, இடைச்சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் மீறலாகாது என்றனர். தராசு மட்டும் போதாது என்பது இதனால் தெளிவாயிற்று.

சென்னை ஆய்வு காட்டும் உண்மை

இவ்வரலாற்றில் சென்னையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு தனியிடம் பெறுகிறது. மருத்துவர் அ. இராமச்சந்திரனும் உடனாய்வாளரும் 2006இல் வெளியிட்ட இவ்வாய்வில், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்குச் சர்க்கரை, தீட்டிய தானியம், கொழுப்பு ஆகியவற்றைக் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டும் உணவும், நாள்தோறும் அரைமணி நேர விரைநடையும் அறிவுறுத்தப்பட்டன. ஒப்பீட்டுப் பிரிவில் 55 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு வந்தது; ஒழுக்கமுறையை மாற்றிக்கொண்ட பிரிவில் அது 39.3 விழுக்காடாக இருந்தது.

இதனினும் வியப்புக்குரியது மற்றொன்று. இப்பயன் குறிப்பிடத்தக்க எடைக்குறைவு இன்றியே விளைந்தது. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில் எடை குறைந்ததோடு நோய்வாய்ப்பும் 58 விழுக்காடு குறைந்தது. அங்கு எடைக்குறைவு பயனின் பெரும்பகுதிக்குக் காரணமாக எண்ணப்பட்டது. சென்னையிலோ தராசின் முள் பெரிதும் அசையவில்லை. ஆயினும் உடல் மாறியது. எடை குறைதல் பயனற்றது என்பது இதன் பொருளன்று. மிகுந்த பருமனுடையார்க்குச் சிறிதளவு எடை குறைந்தாலும் குருதியழுத்தமும் சர்க்கரையும் சீர்படுவது நன்கு நிறுவப்பட்ட உண்மை. தராசு காட்டவில்லை என்பதற்காக நல்லொழுக்கம் வீணாயிற்று என்று கைவிடலாகாது என்பதே இவ்வாய்வின் பாடம். எண் இறங்காததைக் கண்டு மனம் சோர்ந்து, மூன்றாம் மாதத்தில் நடையை நிறுத்திவிடும் பலர்க்கும் இது நேரடியாக உரியது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. திருக்குறளும் சித்த மரபும் கூறுவது எடைக்குறைப்பு அன்று. பசியையும் செரிமானத்தையும் அளவுகோலாகக் கொண்ட உண்ணும் நெறி. பருமனைக் குறைத்தலை நேரடியாகப் பேசியவை ஆயுர்வேத நூல்கள். அவையும் எண்ணை நாடாமல் உடற்குறிகளையே நாடின. நிறுத்து அளந்த உணவு இந்திய மக்களுக்கு மிகையின் மருந்தாக அன்றிப் பஞ்சத்தின் விதியாகவே அறிமுகமாயிற்று. அதனால் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உணவாய்வும் உடற்பயிற்சியும் வளர்த்தலையே நோக்கின.

பழைய நூல்களில் இன்றைய அறிவியல் முழுவதையும் தேடுவது அந்நூல்களுக்கும் நீதியன்று, நோயுற்றார்க்கும் நன்மையன்று. செரித்தலறிந்து உண்ணும் அறிவுரை ஒருவரின் குருதிச் சர்க்கரையை அளந்து காட்டாது. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். ஆனால் ஆய்வுக்கூடத்து எண் ஒருவரை நாள்தோறும் நடக்கச் செய்யாது. அதற்கு உள்ளிருந்து எழும் அளவறிவு வேண்டும். 2025இல் ‘லான்செட்’ குழும இதழொன்றின் ஆணையம், குறியீட்டெண்ணை மட்டும் கொண்டு பருமனை நோயெனத் தீர்மானித்தல் கூடாது என்றும், உறுப்புகளின் செயற்பாட்டையும் நோக்கவேண்டும் என்றும் அறிவித்துள்ளது. இயக்கத் தளர்ச்சியையும் வலுவின்மையையும் நோக்கிய சரகத்தின் பார்வையோடு இது ஒப்பிட்டு ஆராயத்தக்கது.

இறுதியாக ஒன்று. பருமனின் விழுக்காட்டைத் தந்த அதே ஐந்தாம் குடும்பநல ஆய்வு, இந்தியப் பெண்களுள் 18.7 விழுக்காட்டினரும் ஆண்களுள் 16.2 விழுக்காட்டினரும் இயல்பான எடைக்கும் கீழே மெலிந்திருப்பதையும் காட்டுகிறது. ஒரே நாட்டில், சிலவேளைகளில் ஒரே தெருவில், ஒருவர் மெலிய முயல்கிறார்; மற்றொருவர் மெலிந்து நலிகிறார். மெலிதல் என்னும் சொல்லின் பழைய துயரப்பொருள் இன்னும் வழக்கிழந்துவிடவில்லை. எடைக்குறைப்பின் வரலாற்றை எழுதுவோர் இவ்விருவரையும் ஒருங்கே கண்ணிற்கொள்ளுதல் வேண்டும்.